ஊட்டுக்கு வச்ச காய்

1

நான் வேலை பார்க்கும் கடைக்கு முப்பது வயது நிறைந்தது. அதைக் கொண்டாட முதலாளியம்மா ஹெல்கா கேக் வெட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நான்கு கண்ணாடி ஜாடிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு சொல் எழுதி ஒட்டியிருந்தது. உடம்பு, ருசி, மண், கால்நடை.

இது ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊர். பூச்சிமருந்தும் ரசாயன உரமும் போடாமல் விளைந்ததை மட்டும் விற்கும் கடை எங்களுடையது. அங்கே நீங்கள் ஆர்கானிக் என்கிறீர்கள், இங்கே பயோ என்கிறார்கள். இரண்டு ஊரிலும் விலையைக் கேட்டால் ஒரே மாதிரிதான் திக்கென்கிறது.

வாங்க வருகிற ஒவ்வொருவர் கையிலும் நான் ஒரு மொச்சையைக் கொடுக்க வேண்டும். நமக்குத் தெரிந்த மொச்சை மாதிரிதான், கொஞ்சம் பெரிசு, வெள்ளை. 'இவ்வளவு கடை இருக்கும்போது ஏன் இங்கே வந்து வாங்குகிறீர்கள்?' என்று ஜாடிகளுக்கு மேலே எழுதியிருந்தது. பதிலுக்கு அவர்கள் அந்த மொச்சையை ஏதாவது ஒரு ஜாடியில் போட வேண்டும். முதல் நாள் முதல் ஆளாக வந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மொச்சை பயோதானா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மாவுக்கு அன்றைக்கு நிம்மதியாகத் தூக்கம் வர வேண்டுமே.

அந்த ஜாடிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பது நல்ல வேடிக்கை. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் யோசிக்கவே மாட்டார்கள், நேராக உடம்பு ஜாடிதான். பின்னால் வரிசையில் ஆள் நின்றால் மண் ஜாடிக்கு மவுசு கூடிவிடும். யாரும் இல்லாத மத்தியான நேரத்தில் ருசிக்குப் போடுவார்கள். ஒருத்தர் கால்நடை ஜாடியில் போட்டுவிட்டு முட்டை அட்டையைத் திறந்து ஒவ்வொரு முட்டையிலும் குத்தியிருக்கும் எண்ணைப் படித்தார். இங்கே முட்டையின் மேலேயே கோழி எப்படி வளர்ந்தது என்று எண் குத்திவிடுவார்கள். பூஜ்யம் என்றால் பயோ, மூன்று என்றால் கூண்டு. படித்து முடித்துவிட்டு அந்த எண்ணுக்கு அர்த்தம் என்ன என்று எனக்குப் பாடம் எடுத்தார். நாமக்கல்காரிக்கு முட்டைப் பாடம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் ஹெல்கா எனக்கும் ஒரு மொச்சை கொடுத்தார். "நீங்களும்தானே இங்கே வாங்குகிறீர்கள், போடுங்கள்" என்றார். நான்கு ஜாடியையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் போடுகிறேன் என்று சொல்லி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன்.

2

என்னை இங்கே எல்லாரும் ஃபிராவ் பழனிசாமி என்று கூப்பிடுகிறார்கள். திருமதி பழனிசாமி என்று அர்த்தம். என் பெயர் பூங்கொடி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் வீட்டுக்காரர் பெயரை எழுதியதால் வந்த வினை. இயந்திரத் தொழிற்சாலை வேலைக்காக அவர் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. கல்லாவில் நிற்கும்போது தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் அவர் பெயரைச் சொல்லித்தான் எனக்குக் காலை வணக்கம் சொல்கிறார்கள். நானும் பதில் வணக்கம் சொல்கிறேன்.

அவர் போன பிறகு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஒரு அம்மா, மரியாதையாகத்தான், "இனி நீங்கள் இந்த நாட்டில் இருப்பதற்குக் காரணம்?" என்று கேட்டார். மகள் படிக்கிறாள் என்றேன். அவர் அதைக் கணினியில் தட்டிக்கொண்டார். இப்போது மகள் படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்கும் போய்விட்டாள். காரணம் தீர்ந்துவிட்டது, அனுமதி மட்டும் நிரந்தரமாக இருக்கிறது.

இந்த மொழியில் 'நீ'க்கு ஒரு சொல், 'நீங்கள்'க்கு ஒரு சொல் உண்டு. வந்த புதிதில் நான் பக்கத்து வீட்டு மூன்று வயதுக் குழந்தையை 'நீங்கள்' போட்டுப் பேசி ஊரே சிரித்தது. நம் பக்கம் குழந்தைக்கும் 'வாங்க சாமி' தானே. அதை அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு அப்போது மொழி போதவில்லை. இப்போது மொழி இருக்கிறது, அந்தக் குழந்தை வளர்ந்து எங்கேயோ போய்விட்டது.

என் நாள் இப்படித்தான் போகும். காலையில் காய்கறிப் பெட்டிகள் வந்து இறங்கும். நான் தரம் பிரித்து அடுக்குவேன். வாங்க வருகிறவர்களுக்கு மருந்தடிக்காத காய் வேண்டும். அதில் ஓட்டையும் இருக்கக் கூடாது. ஆகவே ஓட்டை விழுந்ததை, புழு கடித்ததை, கோணலாகப் போனதை ஒதுக்கிவிடுவோம். ஒதுக்கியதில் எனக்கு வேண்டியதை ஒரு காகிதப் பையில் போட்டுக் கல்லாவுக்கு அடியில் வைத்துக்கொள்வேன். கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் அந்த உரிமை உண்டு. மற்றவர்கள் கோணல் காயை எடுத்துக்கொள்வார்கள். நான் புழு கடித்ததாகப் பார்த்து எடுப்பேன். ஹெல்கா அதை ஒரு கிறுக்கு என்று நினைக்கிறார்.

3

கிறுக்கு இல்லை. எங்கள் காட்டில் இரண்டு வகைக் கத்தரிக்காய் விளையும் என்பது அவருக்குத் தெரியாது.

ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவே எங்களுக்குத் தோட்டம். அப்பா காலத்திலிருந்தே குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, மஞ்சள், இவற்றுக்கு நடுவே கத்தரி. கத்தரிக்குப் புழு விடாது. சொத்தை விழுந்த காயைச் சந்தையில் ஒருத்தரும் தொட மாட்டார்கள். அதனால் மருந்து அடித்தே ஆக வேண்டும். அடிக்கிற அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துக் கோழியைக்கூட அடைத்துவிடுவார்கள்.

ஆனால் கிணற்றடியில், வாய்க்கால் ஓரமாக, சின்னதாக ஒரு பாத்தி இருக்கும். அதற்கு மருந்து அடிக்க மாட்டார்கள். அடுப்புச் சாம்பலைத் தூவுவார்கள், புழுவைக் கையால் பொறுக்குவார்கள், மிச்சத்தைப் புழுவுக்கு விட்டுவிடுவார்கள். அதற்கு ஊட்டுப் பாத்தி என்று பெயர், ஊடு என்றால் வீடு. வீட்டுக்கு வைத்தது. எங்கள் தோட்டத்தில் மட்டுமில்லை, சுற்று வட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் பார்த்தாலும் இப்படி ஒரு மூலை இருக்கும்.

யோசித்தால் இது பெரிய அநியாயம் மாதிரி இருக்கும். மற்றவர்களுக்கு மருந்தடித்தது, நமக்கு அடிக்காதது. எங்கள் ஊரில் யாரும் அப்படி யோசித்ததில்லை. அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன்.

"கேக்கறவங்களுக்குக் கேக்கற மாதிரி, அம்மிணி" என்றார். "பளபளன்னு இருந்தாத்தான் எடுக்கறாங்க. நானு என்ன பண்ணட்டும்?"

அம்மா இருந்தவரை நான் ஊருக்குப் போனால் முதல் நாள் மத்தியானம் ஊட்டுப் பாத்திக் கத்தரிக்காய்தான் குழம்பு. காயைப் பிளந்து, உள்ளே பார்த்து, சொத்தையை வெட்டி எறிந்துவிட்டு, பாதிக் காயைத் தண்ணீரில் போடுவார். யார் வந்தாலும் அந்தக் காய் கிடைக்காது. சொந்தக்காரர்கள் கேட்டாலும் சந்தைக்குப் பறித்ததில்தான் ஒரு பை கட்டிக் கொடுப்பார்கள். கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு மட்டும் கிடைக்கும். நான் ருசி பார்த்துச் சாப்பிட்டதில்லை. ஆனால் அந்தக் குழம்பு தட்டில் விழுந்தால்தான் ஊருக்கு வந்தாயிற்று என்று மனசுக்குத் தெரியும்.

4

அம்மா இறந்த வருஷம் நான் திரும்பி வரும்போது பெட்டியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வைத்திருந்தேன். ஊட்டுப் பாத்தி ஓரத்து மரம். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து அதைத் தூக்கிப் பிடித்தார்.

"இது எங்கே விளைந்தது?"

"என் அண்ணன் தோட்டத்தில்."

"சான்றிதழ்?"

"என் அண்ணன்" என்றேன் மறுபடியும். நிஜமாகவே அதைத் தவிர வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை.

"அண்ணன் சான்றிதழ் ஆக மாட்டார்" என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலையைத் தொட்டியில் போட்டார். கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய வேலை அது. நோய் பரவும் என்று சட்டம் இருக்கிறது, சட்டம் நியாயமானதும்கூட. ஆனால் கடையில் ஒவ்வொரு பொட்டலத்திலும் பச்சை முத்திரையைப் பார்க்கும்போது அவர் சொன்னதுதான் ஞாபகம் வரும். அண்ணன் இல்லாதவர்களுக்காக அடித்த முத்திரை.

என் மகள் நிலாவுக்கு இந்த முத்திரையிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "வசதியானவங்க சாமி கும்பிடற மாதிரி, மாமா, இது" என்று ஒருநாள் போனில் சொன்னாள். மாமா என்றால் இந்த ஊரில் அம்மா. அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது. முதல் தடவை அவள் மாமா என்றபோது வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

போன ஈஸ்டருக்கு வந்தாள். கிளம்பும்போது ஒரு பையில் உருளைக்கிழங்கு, கீரை, நாலு ஆப்பிள் எடுத்து வைத்தேன். நானே பொறுக்கியது.

"எங்க ஊர்லயும் கடை இருக்கு, மாமா" என்றாள்.

"இருக்கட்டும் சாமி. இது நான் எடுத்தது."

"சரி, சரி" என்று வாங்கிக்கொண்டாள். ரயிலுக்கு அவளை அனுப்பிவிட்டு வந்து பார்த்தால், பை செருப்பு வைக்கிற இடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மறந்துவிட்டாள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கீரையை நான் மூன்று நாள் தின்றேன்.

5

போன தை மாதம் ஊருக்குப் போனேன். அம்மா காரியத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. விமானத்தில் வரும்போதே முதல் நாள் குழம்பை நினைத்துக்கொண்டு வந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அண்ணன் பெரியசாமி சேலத்துக்குக் கார் கொண்டுவந்து என்னைக் கூட்டிப் போனார். வழி நெடுகப் புதுக் கட்டடங்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் ஆர்கானிக் என்று போர்டு போட்ட கடைகள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றைக் காட்டி, "உன்ற கடை மாதிரி, பாத்தியா" என்றார் பெருமையாக.

மத்தியானம் இலை போட்டார்கள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கை ஒரு சின்னக் கிண்ணத்தில் எனக்கு மட்டும் தனியாகக் குழம்பு கொண்டுவந்து வைத்தார். மற்றவர்களுக்குப் பெரிய சட்டியிலிருந்து ஊற்றினார்.

"இது ஏனுங்க நங்கை, தனியா?"

"உனக்குன்னே நாமக்கல்லுக்கு ஆளு உட்டு வாங்கியாரச் சொன்னேன் அம்மிணி. அந்த ஆர்கானிக் கடையில. அட்டையில வச்சு, பேப்பர் சுத்தி, எவ்வளவு சுத்தமா இருக்குது தெரியுமா."

"ஊட்டுப் பாத்தியில காய் இல்லீங்களா?"

"இருக்குது. நாங்க திங்கறோமே, அதுதான். அதுல பாதிக்கு மேல சொத்தை." நங்கை சிரித்தார். "வெளிநாட்டுல இருந்து வந்தவளுக்குப் புழு அரிச்ச காயப் போடறதா? நீயே அந்த மாதிரிக் கடையில வேலை பாக்கறவ. உன்ற வவுறு அதுக்குத்தான பழகியிருக்கும்."

"லேபிளு ஒட்டியிருக்குது பாரு சாமி" என்று அண்ணன் அந்த அட்டையை எடுத்துவந்து காட்டினார். பச்சையாக ஒரு முத்திரை. ஒரு கம்பெனி பெயர். காய் எந்த ஊரில் விளைந்தது என்று போட்டிருந்ததைப் படித்தேன். எங்கள் ஊரிலிருந்து வெகு தொலைவு.

அந்த வீட்டில் அன்றைக்கு எல்லாரையும்விட விலை கூடுதலான சாப்பாடு எனக்குத்தான். தங்கியிருந்த நாள் முழுக்க எனக்குத் தனிக் கிண்ணம். நங்கையின் அன்பில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. இரண்டு அடுப்பில் இரண்டு குழம்பு வைக்கிற வேலை லேசானதில்லை, அவருக்கு முழங்கால் வலி வேறு. பெரிய சட்டியிலிருந்து எனக்கும் ஊற்றுங்கள் என்று சொல்லியிருக்கலாம்தான். ஊற்றியிருப்பார். ஆனால் கேட்டு வாங்கினால் அதுவும் விருந்தாகிவிடும். கேட்காமல் இலையில் விழுந்தால்தான் அது வீடு.

எனக்கு அழுகை வந்தது. காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன். மறுநாளிலிருந்து என் கிண்ணத்தில் காரத்தையும் குறைத்துவிட்டார்.

6

தோட்டத்துக்குப் பக்கத்தில் இப்போது பைபாஸ் ரோடு போகிறது. போகிற கார்க்காரர்கள் நிறுத்திவிட்டு, காட்டுக்குள் இறங்கி நேராகக் காய் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒருநாள் சேலத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அந்தப் பெண் செடியிலிருந்து தானே பறித்து, கூடையோடு போட்டோ எடுத்து, "ஃப்ரெஷ்ஷா, நேச்சுரலா, இதெல்லாம் டவுன்ல எங்கங்க கிடைக்குது" என்று அண்ணனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். பறித்தது எல்லாம் சந்தை வரிசையில்.

கார் போன பிறகு அண்ணனைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"கேட்டா சொல்லிப்போடுவேன் அம்மிணி, மருந்து அடிச்சதுன்னு" என்றார். "ஒருத்தரும் கேக்கறதில்ல. காட்டுல நின்னு வாங்கறமே, அதுவே அவங்களுக்குப் போதும்."

எங்கள் கடை ஜாடிகள் அங்கே இருந்திருந்தால் அந்தப் பெண் உடம்பு ஜாடியில்தான் போட்டிருப்பார். ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் உடம்பைப் பற்றியதே இல்லை. ஒரு தோட்டத்துக்காரர் தன்னைப் பெயர் கேட்டு, வாங்க என்று சொல்லி, வரப்பில் நடக்க விட்டாரே, அதற்காக வந்தது. அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரியும், தினமும் கல்லாவில் நின்று பார்க்கிறேன். யாரோ ஒருவருடைய ஊட்டுப் பாத்தியில் தனக்கும் ஒரு செடி இருக்கிறது என்று நம்புவதற்குத்தான் இவ்வளவு காசு கொடுக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் நான் மட்டும் கிணற்றடிக்குப் போனேன். நாலு காயை நானே பறித்துக்கொண்டு போய், "இன்னைக்கு இதையே எல்லாருக்கும் ஆக்கிருங்க நங்கை" என்று அடுக்களையில் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்று திட்டம். கேட்டு வாங்குவதுதான் விருந்து, பறித்துக்கொண்டு வருவது வீட்டு ஆள் செய்கிற வேலை என்று எனக்கு நானே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டேன். குளிருக்குக் கம்பளிச் சட்டை, பேண்ட், வெயில் கண்ணாடி. பாத்தியில் இறங்கி ஒரு காயைப் பறித்தேன். காம்புக்குப் பக்கத்தில் அழகாக ஒரு ஓட்டை. இரண்டாவது காயில் கை வைத்தேன்.

"ஏனுங்க அக்கா, அதப் பறிக்காதீங்க."

மஞ்சள் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவள் போலிருக்கிறது, நான் பார்த்ததில்லை. அவளும் என்னைப் பார்த்ததில்லை. வரப்பில் ஓடி வந்தாள்.

"அது விக்கறதுக்கில்லீங்க. ஊட்டுக்கு வச்சதுங்க." மரியாதையாகத்தான் சொன்னாள், முகத்தில் கொஞ்சம் பயம்கூட இருந்தது. "வெளியாளு பறிச்சா எங்கள வைவாங்க. விக்கற காயி அந்தப் பக்கம் இருக்குதுங்க. நல்லா இருக்கும், ஒரு சொத்தையும் இருக்காது. தோட்டத்துக்காரங்ககிட்டக் கேட்டு வாங்கிக்குங்க."

நான் இந்தத் தோட்டத்துக்காரர் தங்கச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டிருப்பாள். அண்ணன் காதுக்குப் போனால் அவளைச் சத்தம் போட்டிருப்பார். அவள் செய்தது சரியான காவல். அதோடு, சொன்னால்தான் தெரியும் என்ற நிலைமைக்கு நான் வந்துவிட்டேன் என்பதும் எனக்கு அப்போது நன்றாகவே விளங்கிவிட்டது.

"சரிங்க" என்றேன். பறித்த காயை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை மடியில் போட்டுக்கொண்டாள், வீட்டில் சேர்ப்பதற்காக.

அன்று மத்தியானமும் எனக்குத் தனிக் கிண்ணம்தான். ஏர்போர்ட் போகும் வழியில் அண்ணன், "அங்க நல்ல காய் கெடைக்குதல்ல அம்மிணி?" என்று கேட்டார்.

"கெடைக்குதுங்க அண்ணா."

"அப்பறம் என்ன" என்றார் திருப்தியாக.

7

இந்த வாரம் ஜாடிகளை எடுக்கும் நாள். கடைசி நாள் சாயங்காலம் ஒரு அம்மா கோபமாக வந்து ஒரு பை ஆப்பிளைக் கல்லாவில் வைத்தார். ஒன்றை நறுக்கியிருந்தார். நடுவில் புழு.

"பயோ என்று நம்பி வாங்கினேன், உள்ளே புழு இருக்கிறது."

பயோ என்பதால்தான் இருக்கிறது என்று சொல்ல நாக்கு துடித்தது. ஹெல்கா மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார். அந்தப் பை எனக்கு வந்தது. கல்லாவுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் வேபர் வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதை ஒட்டிய வயது, மனைவி இல்லை, பிள்ளைகள் தூரத்தில். தினமும் வருவார். ஒரு தக்காளி, இரண்டு கேரட், அவ்வளவுதான் வாங்குவார். எதை எடுக்கட்டும் என்று என்னைக் கேட்டுத்தான் எடுப்பார். நான் பெட்டியில் கையை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுப்பேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டது தக்காளி, கேரட், மழை, இவ்வளவுதான் இருக்கும்.

அவர் கையில் முதல் நாள் நான் கொடுத்த மொச்சை இன்னும் இருந்தது. தினமும் சட்டைப் பையில் கொண்டுவந்து தினமும் திருப்பி எடுத்துப் போயிருக்கிறார்.

"இன்றைக்குக் கடைசி நாள்" என்றேன். "போடவில்லையா?"

அவர் ஜாடிகளைப் பார்த்தார். உடம்பு ஜாடி கழுத்துவரை நிறைந்திருந்தது. "என்னுடைய காரணம் இதில் இல்லை" என்றார். "நீங்கள் எதை எடுக்கச் சொல்கிறீர்களோ அதை நான் எடுக்கிறேன். என் மனைவி இருந்தபோது அவள் சொல்வாள். அதற்கு ஜாடி வைக்கவில்லையே."

சொல்லிவிட்டு மொச்சையை என் உள்ளங்கையில் வைத்தார். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தது, சூடாக இருந்தது. ஏப்ரன் பையில் என்னுடையதோடு சேர்த்துப் போட்டேன். பிறகு குனிந்து, கல்லாவுக்கு அடியிலிருந்து என் பையை எடுத்து, அதிலிருந்து மூன்று ஆப்பிளைப் பொறுக்கி அவர் முன்னால் வைத்தேன். மூன்றிலும் ஓட்டை இருந்தது.

"புழு இருக்கும். வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடுங்கள், நல்ல பழம்."

"எவ்வளவு?" என்று பர்ஸை எடுத்தார்.

"விற்பதற்கு இல்லை" என்றேன். "வீட்டுக்கு வைத்தது."

அவர் மொழியில்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று என் காதுக்கே தெரிந்தது. அந்தப் பெண் வரப்பில் ஓடி வந்த வேகம் ஞாபகம் வந்தது.

வேபர் பர்ஸைத் திறந்தபடியே நின்றார். "அப்படியானால் எனக்கு எப்படிக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பழங்களை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எடுத்துக்குங்க" என்று நம் பேச்சில் சொன்னேன்.

அவருக்கு என்ன விளங்கியதோ, பர்ஸை மூடி உள்ளே வைத்தார். மூன்று பழத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். நாளைக்குப் பார்க்கலாம், ஃபிராவ் பழனிசாமி, என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடையைப் பூட்டும்போது ஹெல்கா ஜாடிகளைக் கணக்குப் பார்த்துவிட்டு, எப்போதும்போல உடம்புதான் ஜெயித்தது என்றார். நீங்கள் கடைசிவரை போடவே இல்லையே என்றார். மறந்துவிட்டேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து மீதி ஆப்பிளை நறுக்க உட்கார்ந்தேன். பிளந்து, உள்ளே பார்த்து, சொத்தையை எறிந்துவிட்டுத் தட்டில் வைத்துக்கொண்டே வந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது ஒரு வீட்டு ஆட்கள் அத்தனை பேருக்கும் போதுமான அளவுக்கு நறுக்கி வைத்திருந்தேன்.